முள் ஏறாத கொரோலா: குளிர்காற்று வீசிய ஹீற்றரின் கதை

பொங்கலுக்கு நுவரெலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய மறுநாளே மாஸ்டர் தன் காரை உப்புவெளியிலுள்ள என் கராஜில் கொண்டுவந்து நிறுத்தினார். 1989ஆம் ஆண்டு கொரோலா. 1300 சிசி காபரேற்றர் எஞ்சின். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்பதால் குறையைக் கூட வரிசைப்படுத்தித்தான் சொல்வார்.

"கம்பளை தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை, தம்பி. புசல்லாவைக்கு மேலே ஏறியதும் குளிர் பிடித்துக்கொண்டது. ஹீற்றரைப் போட்டேன். விசிறி நன்றாக வீசுகிறது, ஆனால் வருவது குளிர்காற்று. றம்பொடைக்குப் போனபோது மூடுபனி. முன் கண்ணாடி உள்ளே முழுவதும் வெள்ளையாகிவிட்டது. பிள்ளைகளின் அம்மாதான் வழிநெடுகச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்தா. பின்னால் பேரப்பிள்ளை இருந்தது."

காரில் ஏசி இருந்தும் அதில் வாயு இல்லை. அதனால் கண்ணாடியின் ஈரத்தை வாங்க வேறு வழியும் இருக்கவில்லை. மலையில் அவர் காட்டிய ஓர் இடத்தில் ஹீற்றரின் உள்றேடியேற்றர் போய்விட்டது, டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும், பெரிய செலவு என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டு மனம் சலித்துப்போய், "திருகோணமலையில் இருப்பவனுக்கு ஹீற்றர் எதற்கு? குழாய்களை அடைத்துவிடலாமா?" என்று கேட்டார்.

அடைக்க வேண்டாம் என்றேன். அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆண்டுக்கு நாலைந்து தடவை அந்த மலைப்பாதையில் பேரப்பிள்ளையோடு போய்வருகிறவருக்குக் கண்ணாடி தெளிவாக இருப்பது உயிர்ப் பிரச்சினை. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியதாகப் பட்டது. பழைய கார்களின் ஹீற்றருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய றேடியேற்றருக்குள் போய்த் திரும்புகிறது. விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். காற்றுச் சூடாகவில்லை என்றால் அங்கே சுடுநீர் போகவில்லை, அல்லது நீர் சூடாகவே இல்லை. இரண்டாவது உண்மையானால் நோய் ஹீற்றரில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது.

ஆகவே முதலில் டாஷ்போர்டின் பக்கமே போகவில்லை. மாஸ்டரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு நிலாவெளிவரை போய்த் திரும்பினேன். ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஓட்டம். வெயில் 29 பாகை. வெப்பமுள் குளிர்க்கோட்டை விட்டு ஒரு நெல்லளவு எழும்பி அங்கேயே நின்றுவிட்டது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த மாஸ்டர், "இந்த எஞ்சின் எப்போதும் இப்படித்தான். எந்த வெயிலிலும் சூடாகாது" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கோ அந்த இடத்திலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

எஞ்சின் சூடாகாமல் இருப்பது நல்லது என்ற எண்ணம் நம் ஊரில் வேரோடியிருக்கிறது. வெப்பநாடு, கொதித்துவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தில், எஞ்சின் சூடாகும்வரை நீரை றேடியேற்றருக்கு விடாமல் மூடிவைத்திருக்கும் வால்வான தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை ஒரு வைத்தியமாகவே செய்கிறார்கள். கழற்றியதும் முள் கீழே இறங்குகிறது, வண்டிக்காரருக்கும் நிம்மதி. ஆனால் எஞ்சின் 80 பாகைக்கு மேலே வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்டது. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாமல் குழாய்ச் சுவர்களில் படிகிறது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயோடு கலக்கிறது. மாஸ்டரின் எஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினேன். அதன் அடியில் பாலாடைக்கட்டி போல மஞ்சள் நுரை ஒட்டியிருந்தது. விரலால் வழித்து அவர் கையில் தடவிவிட்டேன். முகர்ந்து பார்த்தார், பெற்றோல் மணத்தது. அதற்குப் பிறகு எஞ்சின் சூடாகாது என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

இப்படி நுரை கண்டால் சிலிண்டர் தலையின் கேஸ்கட் (நீரும் எண்ணெயும் கலக்காமல் அடைக்கும் தகடு) போயிருக்குமோ என்ற சந்தேகமும் வரவேண்டும். எண்ணெய் அளவுக்கோல் சுத்தமாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது புகைக்குழாயில் வெள்ளைப்புகையும் இல்லை. அதோடு அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு றேடியேற்றர் மூடியைத் திறந்தேன். சூட்டில் திறந்து முகம் வெந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆகவே அவசரப்படுகிற எவரையும் என் கராஜில் அந்த மூடிக்குப் பக்கத்தில் விடுவதில்லை. உள்ளே கூலன்ட் என்கிற குளிர்விப்புத் திரவம் ஒன்றும் இல்லை, சாயம் அதிகமான தேநீர் போலத் துருத்தண்ணீர் நின்றது. அதுவும் கழுத்துக்கு வெகு கீழே. நிரப்பியபோது ஒரு லீற்றருக்கு மேல் பிடித்தது. வீட்டுக் கிணற்றிலிருந்துதான் ஊற்றுவதாக மாஸ்டர் சொன்னார். கடலோரக் கிணறு, கோடையில் உவர்க்கும். குடிக்கத் தயங்குகிற தண்ணீரை எஞ்சினுக்குக் கொடுத்தால் இரும்பும் அலுமினியமும் அரிக்கும், செம்புக் குழாய்களில் சுண்ணாம்பு படியும்.

நீர் குறைவாக இருந்தால் ஹீற்றர்தான் முதலில் காற்றைக் குடிக்கும், ஏனென்றால் அது உயரத்தில் இருக்கிறது. நிரப்பியதோடு சரியாகிவிடும் வண்டிகளும் உண்டு. இது சரியாகவில்லை. மறுபடியும் ஓட்டிவந்து, எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்குப் போகும் மேற்குழாயின் வெப்பத்தை அளந்தேன்: 58 பாகை. டாஷ்போர்டின் நடுத்துவாரத்தில் 33.

தேர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றினேன். எதிர்பார்த்தபடியே காலி. கூட்டின் விளிம்பில் சிவப்புச் சிலிக்கன் பசையைக் கைநிறைய அள்ளிப் பூசியிருந்தார்கள். இறுக்கும்போது அதில் பாதி உள்ளே பிதுங்கியிருந்தது. உள்விளிம்பில் சில இடங்களில் பசை அறுந்துபோன அடையாளம் தெரிந்தது. அறுந்த துண்டுகள் எங்கே என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

புதிய தேர்மோஸ்டாட்டின் முதுகில் 82 என்று பொறித்திருந்தது. புதிதானாலும் சோதிக்காமல் நான் எதையும் பூட்டுவதில்லை. அலுமினியச் சட்டியில் தண்ணீரை அடுப்பேற்றி, தேர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டேன், பக்கத்தில் ஒரு வெப்பமானி. மாஸ்டரும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். 60, 70, 75 என ஏறியது, அசைவில்லை. நூல் கட்டியிருந்த வால்வின் இடுக்கில் 81க்கும் 82க்கும் நடுவில் ஒரு மயிரிழை கறுப்புத் தெரிந்தது. பிறகு கண்முன்னாலேயே அந்தக் கறுப்பு அகன்று பிறையானது. 95ஐத் தொட்டபோது தட்டு 8 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தது. அதன் வயிற்றுக்குள் இருப்பது வெறும் மெழுகு என்றும், மெழுகு உருகிப் பருப்பதால்தான் அது திறக்கிறது என்றும் சொன்னேன். "மின்சாரம் இல்லை, மூளை இல்லை, ஆனால் 82 தெரிகிறது" என்று வியந்தார். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அதைச் சட்டியில் பார்த்து மகிழ்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

பூட்டும்போது அதிலுள்ள ஆடும் சிறு ஊசி மேல்பக்கம் வரவேண்டும். காற்று வெளியேறும் வாசல் அது. கீழ்ப்பக்கம் வைத்துப் பூட்டினால் உள்ளே அடைபட்ட காற்று எஞ்சினை வதைக்கும். விளிம்பு சுத்தமாக இருந்தால் புதிய ரப்பர் வளையம் ஒன்றே போதும், பசை வேண்டாம்.

இப்போது மேற்குழாய் 85 பாகைக்கு வந்தது. முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஹீற்றர் துவாரத்தில் 38. முன்னேற்றம்தான், ஆனால் இதை வைத்துக்கொண்டு றம்பொடை ஏற முடியாது.

இந்த இடத்தில் கைதான் நல்ல கருவி. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளிலும் அடுத்தடுத்து ஊற்றிக் குளித்தவர்களுக்கு, ஒன்றுக்கொன்று உள்ள சிறு வெப்ப வேறுபாட்டை உடம்பு எவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்பது தெரியும். ஹீற்றருக்குப் போகும் ஹோஸையும் திரும்பிவரும் ஹோஸையும் இரண்டு கைகளாலும் பிடித்தேன். போவது, வழியில் நீரைத் திறந்து மூடும் ஹீற்றர் வால்வுவரை சுட்டது, வால்வைத் தாண்டியதும் வெதுவெதுப்பு. திரும்புவது குளிர்ந்தே இருந்தது. இரண்டும் சுட்டிருந்தால் சுடுநீர் உள்ளே வந்துவிட்டது, காற்றைத் திருப்பும் கதவில்தான் கோளாறு என்று முடிவு செய்திருப்பேன். இரண்டும் குளிர்ந்திருந்தால் நீர் பம்பையோ காற்றடைப்பையோ தேடியிருப்பேன்.

மாஸ்டர் உள்ளே இருந்து சூட்டைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை இடமிருந்து வலம் தள்ள, நான் பொனெற்றின் கீழ் வால்வின் கையைப் பார்த்தேன். நெம்பு முழுத்தூரம் போகிறது, வால்வு பாதியோடு நிற்கிறது. கேபிளின் மேலுறையைப் பிடிக்கும் கிளிப் கழன்றிருந்ததால் இழுவை முழுவதும் உறையின் வளைவிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. கிளிப்பை இடத்தில் பூட்டி வால்வின் தண்டுக்கு எண்ணெய் விட்டதும் முழுவதும் திறந்தது. திரும்பிவரும் ஹோஸ் அப்போதும் குளிர்தான். ஆக, உள்றேடியேற்றர் அடைபட்டிருக்கிறது. மலையில் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருந்தது. ஆனால் அடைபட்டது வேறு, போய்விட்டது வேறு. ஓட்டையாகியிருந்தால் பயணி காலடிக் கம்பளம் நனைந்திருக்கும். அது இல்லாதபோது டாஷ்போர்டைக் கழற்றுவது பணத்துக்குக் கேடு.

இரண்டு ஹோஸ்களையும் கழற்றிவிட்டு, நீர் திரும்பும் வாயில் தோட்டக்குழாயைப் பொருத்தி எதிர்த்திசையில் தண்ணீர் விட்டேன். குழாயை முழுவதும் திறக்கக் கூடாது. முப்பது வயது தாண்டிய ஈயப்பற்று அந்த அழுத்தத்தைத் தாங்காது. முதலில் தேநீர் நிறத்தில் வந்தது. பிறகு செங்கட்டிச் சேறு. பிறகு முட்டையோடு நொறுங்கியது போலச் சுண்ணாம்புத் துணுக்குகள். கால்மணி நேரம் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தபோது ஓட்டம் திடீரென்று ஒருமுறை நின்று, விக்கி, மறுபடி பாய்ந்தது. வாளியில் மண்புழு போல ஒன்று சுருண்டு கிடந்தது. எடுத்துக் கழுவினேன். சிவப்புச் சிலிக்கன், என் சின்னவிரல் நீளம். தேர்மோஸ்டாட் கூட்டின் விளிம்பிலிருந்து அறுந்த துண்டு எஞ்சினுக்குள் சுற்றித் திரிந்து, கடைசியில் ஹீற்றரின் ஒடுங்கிய வாயில் வந்து படுத்திருக்கிறது. கழுவுவதற்கு முன் ஒரு லீற்றர் போத்தல் நிறைய 40 விநாடி எடுத்தது; இப்போது 9 விநாடி.

வாளித் தண்ணீரை வடிகாலில் ஊற்ற விடவில்லை. எங்கள் வடிகால் எல்லாம் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. கூலன்ட் கலந்ததானால் இன்னும் கவனம் வேண்டும்: அதிலுள்ள கிளைக்கோல் இனிக்கும், நாய்களும் குழந்தைகளும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

புதிய கூலன்டையும் வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினேன். உறையாத ஊரில் உறைதடுப்பான் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அதில் வேண்டியது துரு தடுக்கும் மருந்தும் உயர்ந்த கொதிநிலையும்தான். வெறும் தண்ணீரே 0.9 என்று பொறித்த நல்ல மூடியின் அழுத்தத்தில் 118 பாகைவரை கொதிக்காமல் நிற்கும். கூலன்ட் சேர்ந்தால் அதற்கும் மேலே. மாஸ்டரின் பழைய மூடியில் ரப்பர் வெடித்திருந்தது, அதையும் மாற்றினேன். முன்சில்லுகளைச் சரிவில் உயர்த்தி நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஆறிய நிலையிலிருந்து ஓடவிட்டேன், ஹீற்றர் நெம்பு முழுச்சூட்டில். டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்டது, காற்று வெளியேறியது, மட்டம் இறங்கியது, ஊற்றினேன், மறுபடி இறங்கியது. சத்தம் அடங்கியதும் மூடினேன். துவாரத்தில் 61 பாகை. மாஸ்டர் கையை வைத்துவிட்டு உடனே எடுத்தார்.

இங்கேயே காரைக் கொடுத்து அனுப்பியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். தேர்மோஸ்டாட்டை ஒருவர் காரணமில்லாமல் கழற்றியிருக்க மாட்டார். எப்போதோ இந்த எஞ்சின் கொதித்திருக்க வேண்டும். அந்தக் காரணம் இன்னும் உள்ளே இருந்தால், தேர்மோஸ்டாட்டைத் திருப்பிப் பூட்டிய நான்தான் அடுத்த தடவை அதைக் கொதிக்கவைத்தவனாவேன்.

மூன்றாம் நாள் காலை, இரவு முழுவதும் ஆறிய எஞ்சின். சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் செய்யவில்லை. றேடியேற்றர் விசிறி சுழலத் தொடங்கியது. முதல் நாளிலிருந்தே இந்தச் சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மற்ற வேலைகளின் நடுவே அதைப் பொருட்படுத்தவில்லை. எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது விசிறிக்கு என்ன வேலை? கம்பியைப் பின்பற்றிப் போனால், வெப்பச் சுவிட்சிலிருந்து இணைப்பைப் பிடுங்கி டேப் சுற்றிக் கட்டிவைத்திருந்தது. இந்தத் தலைமுறைக் கொரோலாவில் அந்தச் சுவிட்ச் மற்றவற்றுக்கு மாறாக வேலை செய்யும்: குளிரில் மூடியிருக்கும், 90 பாகையைத் தாண்டும்போது திறக்கும், திறந்தால் விசிறி ஓடும். வழியில் கம்பி அறுந்தாலும் விசிறி ஓடிக்கொண்டிருக்கட்டும், எஞ்சின் வேகாமல் இருக்கட்டும் என்ற நல்ல யோசனை அது. அதனால் இணைப்பைப் பிடுங்கினாலே விசிறி நிற்காமல் ஓடும்.

இணைப்பைத் திருப்பிச் செருகினேன், விசிறி நின்றது. எஞ்சினைச் சூடாக்கினேன். 90, 95, 98. விசிறி அசையவில்லை. உடனே பிடுங்கினேன், ஓடியது. சுவிட்ச் மூடிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. கழற்றிச் சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தும் மின்னிணைப்பை அளக்கும் மீற்றரில் மாற்றமில்லை.

தொலைபேசியில் மாஸ்டரிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் கந்தளாயில் ஒரு ரயில் கடவையில் காத்து நின்றபோது கொதித்து ஆவி பறந்ததாகவும், வழியில் ஒரு கராஜில் ஒருமணி நேரத்தில் சரிசெய்து கொடுத்ததாகவும், அன்றிலிருந்து கார் சூடாகவே இல்லை என்றும் சொன்னார். ஓடும்போது கொதிக்காமல் நிற்கும்போது கொதித்தது என்பதே விசிறியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். ஒரு சிறிய சுவிட்சை மாற்ற வேண்டிய இடத்தில் விசிறியை நிரந்தரமாக ஓடவிட்டு, தேர்மோஸ்டாட்டையும் எறிந்து, காலிக் கூட்டைப் பசையால் மூடி அனுப்பியிருக்கிறார்கள். ஹீற்றரை அடைத்த பசையும் எஞ்சினைக் குளிரவைத்த காற்றும் அந்த ஒருமணி நேரத்தில் வந்தவை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எட்டு ஆண்டுகள் ஒரு மனிதர் கூடுதல் பெற்றோலுக்குக் காசு கொடுத்துக்கொண்டு, அதைத் தன் காரின் நற்குணம் என்று நம்பியிருக்கிறார்.

புதிய சுவிட்ச் பூட்டினேன். எஞ்சின் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றினேன். உச்சிவெயிலில் அரைமணி நேரம் நிறுத்தி ஓடவிட்டேன்; முள் நடுவுக்கு வந்ததும் விசிறி ஓடும், சற்று இறங்கியதும் நிற்கும். எட்டுத் தடவை எண்ணினேன். மொத்தச் செலவு மலையில் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

காரைக் கொடுக்கும்போது மாஸ்டருக்கு இன்னொன்றும் சொன்னேன். மலையேற்றத்தில் எப்போதாவது முள் சிவப்பை நோக்கிப் போனால், ஏறுவதை நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீற்றரை முழுச்சூட்டில், முழு விசிறியில் போடுங்கள், கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அந்தச் சிறிய றேடியேற்றரும் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதை அடைத்துவிட்டால் அந்த உதவியும் போய்விடும்.

ஏப்ரலில் அவர் மறுபடி நுவரெலியாவுக்குப் புறப்பட்டார். வழியில் ஹபரணையிலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, முள் பாதிக்கு வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். என்ன செய்யட்டும்?"

"பாதியைத் தாண்டுகிறதா, மாஸ்டர்?"

"இல்லை. அங்கேயே நிற்கிறது."

"அதுதான் அதன் இடம். நீங்கள் போங்கள்."

இரவு எட்டு மணிக்கு மகள் வீட்டிலிருந்து மறுபடி பேசினார். றம்பொடையில் மழையும் மூடுபனியுமாக இருந்ததாம். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும் கீழ் ஓரத்திலிருந்து தெளிந்துகொண்டே வந்ததாம். அம்மா பாதி வழியில் சூடு தாங்காமல் நெம்பைக் குறைக்கச் சொன்னாவாம்.